சகலை வண்டியின் பெல்ட்

வாத்தியாருக்கு உலகத்தில் யார் மேலும் பொறாமை கிடையாது, ஒரே ஒரு ஆளைத் தவிர. அந்த ஆள் அவருடைய சகலை. மனைவியின் தங்கை புருஷன், டைல்ஸ் கடை வைத்திருப்பவர். பக்கத்து வீட்டுக்காரன் மாடி மேல் மாடி கட்டினாலும் வாத்தியார் மனதார வாழ்த்துவார். சகலை ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் போதும், அன்றைக்கு முழுக்க வயிறு எரியும்.

காரணம் இல்லாமல் இல்லை. மூத்த மாப்பிள்ளை இவர்தான். ஆனால் மாமனார் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதோ சின்ன மாப்பிள்ளையை. போதாததற்குக் கார் வேறு. வாத்தியார் மாதக்கணக்கில் விசாரித்து, நாலு பேரை நச்சரித்து, ஒரு கார் வாங்கினார். "அண்ணன் பார்த்து வாங்கினா தப்பாவா இருக்கும்?" என்று மறுவாரமே சகலையும் அதே ஷோரூமில் அதே காரை அதே வெள்ளை நிறத்தில் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதுவும் ஆகிவிட்டது எத்தனையோ வருஷம். இன்றைக்கும் சகலையின் கார் பளபளவென்று இருக்கிறது. வாத்தியார் காரின் ஒரு கண்ணாடி இறங்கினால் ஏறாது, ஏறினால் இறங்காது. என்ன பாவம் செய்தாரோ!

அன்றிலிருந்து வாத்தியார் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சகலை டயர் மாற்றும்வரை இவர் மாற்ற மாட்டார். சகலை பேட்டரி மாற்றும்வரை இவர் தள்ளித் தள்ளியே வண்டியைக் கிளப்புவார். முதலில் மாற்றினால் தன் வண்டிதான் முதலில் தேய்ந்தது என்று ஆகிவிடுமாம். வீட்டில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், கேட்கிற ஆளா?

இந்த முறை சர்வீஸுக்கு விட்டபோது மெக்கானிக், "டைமிங் பெல்ட்டை மாத்திடலாம் சார்" என்றார்.

"ஏன், அறுந்துடுச்சா?"

"அறுந்தப்புறம் பெல்ட்டை மாத்தி என்ன சார் பிரயோஜனம்? உள்ளே பல்லு வச்ச ரப்பர் பட்டை அது. எஞ்சினோட மேல் பாகமும் கீழ் பாகமும் சேர்ந்தாப்ல சுத்தறது அதாலதான். அது போச்சுன்னா உள்ளே ஒண்ணோட ஒண்ணு முட்டி எஞ்சினே போயிடும். ஓடுற வண்டி அப்படியே நின்னுடும்."

"நான் வண்டியை அதிகம் எடுக்கறதே இல்லையேப்பா."

"ரப்பர் சார். ஓடினாலும் ஓடாட்டியும் வயசாகத்தானே செய்யும்?"

வாத்தியார் தாடையைச் சொறிந்தார். "என் சகலை வண்டியும் இதே மாடல், இதே வருஷம்தான். அவர் இதுவரைக்கும் மாத்தலை. ஜம்முனு ஓடுது."

மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். "மாத்தலையா? முதல்ல அவர்கிட்ட சொல்லுங்க சார். அது எந்த நேரம் வேணும்னாலும் போகும்."

எந்த நேரம் வேண்டுமானாலும் போகும்! வாத்தியாருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அந்தப் பளபளா கார் மாமனார் வீட்டு வாசலில், மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, படுத்துவிடுகிறது. சகலை அசடு வழிகிறார். மூத்த மாப்பிள்ளை தன் வண்டியில் சாவகாசமாக வந்து இறங்குகிறார். ஆகா!

"என்னுதை இன்னிக்கே மாத்திடுங்க" என்றார். வீட்டில் ஆயில் மாற்றியதாகச் சொல்லிவிட்டார்.

அதற்காக வாத்தியாரை ஒரேயடியாகக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. மனசாட்சி உறுத்தத்தான் செய்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது சொல்லிவிடலாம் என்றே போனார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார்: "ஏன் சகலை, வண்டியில பெல்ட் கில்ட் ஏதாவது மாத்தினீங்களா?"

"எந்த பெல்ட்ண்ணே? வாங்கினதுலேருந்து எஞ்சின்ல கையே வைக்கலை!"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "எதையும் வச்சுக்கத் தெரியணும். சில பேர் கையில எது போனாலும் ஓட்டை உடைசல்தான்." சொல்லிவிட்டுப் பெரிய மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார்.

தொண்டை வரைக்கும் வந்த வார்த்தையை வாத்தியார் மென்று விழுங்கிவிட்டார். படட்டும், நல்லாப் படட்டும் என்று இருந்தது. 

கொஞ்ச நாளில் மகளுக்கு மலைமேல் இருந்த கல்லூரியில் நேர்காணல் வந்தது. வாத்தியாருக்கு அன்று பரீட்சை மேற்பார்வை. மனைவியும் மகளும் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. பரீட்சை ஹாலிலிருந்து அவர் வெளியே வந்து தண்ணீர் குடிக்கும்போது மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. காருக்குள் மகள், மனைவி, மனைவியின் தங்கை, மூன்று பேரும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒரு வரி: "பஸ் வேண்டாம்னு சித்தப்பாவே கூட்டிட்டுப் போறார். மலை ஏற ஆரம்பிச்சாச்சு!"

வாத்தியார் தம்ளரை அப்படியே கீழே வைத்தார். வளைவுக்கு வளைவு லாரி வரும் ரோடு அது. போன் போட்டார். அவசரத்தில் வேறு யாருக்கோ போயிற்று. திரும்பப் போட்டார்.

"கண்ணு, வண்டியை ஓரம் கட்டச் சொல்லு! இப்பவே!"

"என்னாச்சுப்பா?"

"டைமிங் பெல்ட்... மெக்கானிக் சொன்னார். நடுரோட்ல நின்னுடும். நிறுத்தச் சொல்லுடி!"

"எப்போ சொன்னார்?"

"இப்பத்தான்" என்றார் வாத்தியார்.

பின்னால் சகலையின் குரல் கேட்டது: "அண்ணன் சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்." ஒரு கேள்வி கேட்கவில்லை மனுஷன். இன்டிகேட்டரின் டிக் டிக் சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் அடங்கியது.

தலைமை ஆசிரியரிடம் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு வாத்தியார் தன் காரில் அடித்துப் பிடித்து ஓடினார். மலை ரோட்டில் ஓர் அகலமான ஓரத்தில் வெள்ளைக் கார் நின்றது. சகலை ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, என் மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவரே ஆடிப்போயிட்டார். இன்னிக்கு எல்லார் உயிரையும் காப்பாத்திட்டீங்க. மாமாகிட்ட சொன்னேன். மூத்த மாப்பிள்ளைன்னா மூத்த மாப்பிள்ளைதான்னு அவருக்கு ஒரே பெருமை!"

எத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கிய சொல்! வாத்தியாருக்கு அது சுருக்கென்று தைத்தது.  வண்டியை இழுத்துப் போக ஆள் வரும்வரை சகலையும் அவர் மனைவியும் அங்கேயே இருப்பதாகச் சொன்னார்கள். மகளும் மனைவியும் வாத்தியார் காரில் ஏறினார்கள். நேர்காணலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மகள் பின்சீட்டில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாடப் புத்தகத்தைப் பிரித்தாள்.

ஒரு வளைவு தாண்டிய பிறகு மனைவி வாயைத் திறந்தாள்.

"நம்ம வண்டியும் அதே வயசுதானே?"

வாத்தியார் கியரை மாற்றினார்.

"அந்த வண்டி நிக்கும்னு அப்படிப் பதறினீங்க. இதுல எங்களை ஏத்திக்கிட்டு மலை ஏறுறீங்க, ஒரு பயமும் இல்லை. அன்னிக்கு ஆயில் மாத்தினேன்னு சொன்னீங்களே, அப்பவே நம்ம பெல்ட்டை மாத்தியாச்சு, இல்ல?"

"அந்த ஞாயித்துக்கிழமை சொல்லணும்னுதான் வந்தேன். உங்கப்பாதான்..."

"என் தங்கச்சி தினமும் அந்த வண்டியிலதாங்க போறா, வர்றா."  ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பயப்படாதீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்க எல்லாம் உங்களை நல்லவர்னே நினைச்சுக்கட்டும்."

வாத்தியார் தன் பக்க ஜன்னல் வழியே கீழே பார்த்தார். கீழ் வளைவில், நிறுத்தியிருந்த காரின் நிழலில், சகலையும் அவர் மனைவியும் உட்கார்ந்து எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்திலும் வாத்தியாருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.