தாய்மாமன் பொலிவியாவிலிருந்து வந்தார்

எங்கள் தெருவில் கள்ளி முதன்முதலாகப் பூத்தால் சடங்கு வைப்பார்கள். பூத்தது பெண்ணா செடியா என்று யாரும் பார்ப்பதில்லை. பந்தல் போட்டு, தாய்மாமன் சீரோடு வந்து, மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார். ஒரு வாரத்தில் கள்ளி அழுகிப்போகும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

என் கள்ளியை நான் அப்படி விடுவதாக இல்லை. பொலிவிய மலையில் வளரும் இனம், எலுமிச்சம்பழ அளவு. கல்லும் மணலும் கலந்து, விதையிலிருந்து வளர்த்தேன். மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் அடியில் தண்ணீர்; குளிர்காலத்தில் அதுவும் கிடையாது. பட்டினி போட்டால்தான் பூக்கும். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. மாசி பிறந்ததும் அதன் இடுப்பில் ஒரு சிவப்பு மொட்டு வந்தது.

என் கணவரின் அக்கா திலகவதி அண்ணி அன்றே குடத்தைத் துலக்கிவிட்டார்.

“கூடப் பொறந்தவன்னு ஒருத்தனும் இல்லாதவ நீ. மாமன் முறைக்கு யார் வருவா? அத்தை நானே ஊத்திடறேன்.”

இதைச் சொல்லிக்காட்டுவதில் அண்ணிக்குத் தனி ருசி. எனக்குச் சுருக்கென்றது. பயம் மட்டும் வரவில்லை.

“அண்ணன் வருவாரு, அண்ணி. பந்தலைக் கொஞ்சம் உசரமாப் போடச் சொல்லுங்க,” என்றேன்.

மொட்டு விரிந்த காலையில் அவர் வந்தார். பொலிவியாவின் உப்புவெளிக் கள்ளி, இரண்டு ஆள் உயரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்றார். வேட்டி பாதி உடம்புக்குத்தான் எட்டியது. சீர்த்தட்டுகளில் கூழாங்கல், கரித்தூள், சலித்த மணல்.

அண்ணி குடத்தை நீட்டினார். அவர் வாங்கி ஓரமாக வைத்தார்.

“எங்க பக்கம் மணல்தாங்க போடுறது.”

“அதெப்படி? எங்க முறைன்னு ஒண்ணு இருக்கே?”

“சடங்குல மாமன் வீட்டு முறைதானேங்க செல்லும்?”

தெருவே ஆமாம் என்றது. அண்ணன் ஒரு பிடி மணலை எடுத்துக் கள்ளியைச் சுற்றித் தூவினார். பூ இன்னும் நன்றாக விரிந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார். கிளம்பும்போது, “யாராச்சும் ஒரு சொல்லு சொன்னா எனக்குச் சொல்லி அனுப்பு, தாயி. மலை முழுக்க நம்ம ஆளுங்கதான்,” என்றார். அண்ணியின் காதில் விழும்படிதான் சொன்னார்.

மறுநாள் தலை சீவும்போது சீப்பு ஒரு மொட்டில் தட்டியது. என் உச்சியிலேயே இருந்தது. அண்ணி எட்டிப் பார்த்தார். சல்லடையை எடுத்துக்கொண்டு மணல் சலிக்கப் போனார்.