இளைய மகனின் ஒன்பது அடிகள்

துடைத்து முடித்த கூடத்தில் அந்த வீட்டின் இளைய மகன் வைத்த ஒவ்வோர் அடியிலும் ஒரு சிவப்புப் பாதம் பதிந்தது. செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணி. கொலை நடந்த வீடுகளைக் கழுவிக் கொடுப்பதே தொழிலான துப்புரவுக்காரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் வீட்டாரைக் கால் கழுவிவிட்டு ஈரத்தரையில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வாள். அங்கே ஒட்டுகிறது, இங்கே பிசுபிசுக்கிறது என்று பின்னால் யாரும் மூக்கால் அழக் கூடாதே. மூத்த மகன் குத்துப்பட்டுச் செத்த கூடம் அது. தாய் நடந்தாள், தகப்பன் நடந்தார், வெறும் தண்ணீர்த்தடம். இளையவனுக்குத்தான் இப்படி. கொலை நடந்த அன்று வீட்டுப் பக்கமே வரவில்லை என்று போலீசில் எழுதிக் கொடுத்தவன் அவன். வராதவன், குத்தியது அண்ணிதான் என்று மட்டும் கண்ணால் கண்டதுபோல் சொன்னான். அவளும் சிறையில் இருந்தாள்.

"என்னம்மா வேலை பாத்திருக்க, கறை அப்படியே இருக்கே," என்றாள் தாய்.

"கறை தரையில இல்லீங்கம்மா, தம்பி கால்ல இருக்கு."

இன்ஸ்பெக்டர் வந்து, குனிந்து பார்த்து, தரை ஓடு மட்டரகம், சாயம் விடுகிறது என்று எழுதிக்கொண்டு போனார். வீட்டார் ஒரே வாரத்தில் சிவப்பு ஓடு பதித்தார்கள். அக்கம்பக்கத்தில் அதுவே நாகரிகமாகிவிட்டது. இளையவன் படுக்கையில்கூடச் செருப்பைக் கழற்றுவதில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவராகவும் ஆனான். போகிற இடமெல்லாம் தடம் பதிக்கிற பிள்ளை என்று பாராட்டுரையில் சொன்னார்கள். வெட்கங்கெட்டவர்கள்.

அண்ணியின் வழக்கு ஆறு வருடம் இழுத்தது. இளையவன் சாட்சி சொல்லவேண்டிய நாளில் துப்புரவுக்காரி வாளியோடு நீதிமன்றத்துக்குப் போனாள். மாதக்கணக்கில் துடைக்காத தரை என்பதால் யாரும் தடுக்கவில்லை. "ஈரமா இருக்குங்க, செருப்ப வாசல்லயே விட்டுட்டுப் போங்க," என்றாள். துடைக்கிறவள் சொன்னால் யாரானாலும் தன்னையறியாமல் கேட்டுவிடுவார்கள். அவனும் கழற்றினான். கூண்டுவரை ஒன்பது அடி, ஒன்பதும் சிவப்பு. நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்ணி, "ஒன்பதுன்னு எழுதிக்கங்க," என்றார்.

அன்று மாலையே அண்ணி வெளியே வந்தாள். துப்புரவுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். பிறகு, "அதை மட்டும் துடைச்சிடாதீங்கக்கா," என்றாள்.

அவள் துடைக்கவில்லை. சாட்சி சொல்ல வருகிறவர்கள் இன்றும் அந்த ஒன்பதையும் சுற்றிக்கொண்டுதான் கூண்டேறுகிறார்கள். தரை ஈரமாக இருக்கும் நாட்களில் சிலர் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறார்கள்.