ஒட்டுக்கால் மேசை

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை இருந்ததும் இல்லை, தேவைப்பட்டதும் இல்லை. மாமனார், என் கணவர், இரண்டு பெண்கள், நான் என்று ஐந்து பேரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். மாமனாருக்கு முட்டியில் ஆபரேஷன் ஆனபிறகு அவருக்குத் தரை ஆகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஒருநாள் தட்டு நழுவிச் சோறெல்லாம் சட்டையில் கொட்டியது. அந்த நேரம் பார்த்தா என் நாத்தனார் வந்து நிற்க வேண்டும்?

"அப்பாவை இப்படியா வெச்சிருக்கீங்க? ஞாயித்துக்கிழமை வந்து எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். இல்ல, எங்க பழைய கண்ணாடி மேசையை அனுப்பட்டுமா? மாடியில சும்மாதான் கிடக்கு."

அவர் எப்போதோ கொடுத்த பழைய மின்விசிறி ஒன்று எங்கள் கூடத்தில் சுற்றுகிறது. யார் வந்தாலும் "அது நான் குடுத்தது" என்பார். ஐந்து வருஷமாக அந்தக் காற்று எனக்குச் சுடுகிறது.

"வேணாம் அண்ணி. ஞாயித்துக்கிழமைக்குள்ள எங்க மேசை வந்துடும்" என்று வாயை விட்டுவிட்டேன்.

நான் வீட்டிலேயே துணி தைப்பவள். பட்டனும் கொக்கியும் வைப்பது மாமனார்தான். அதற்காக மட்டும் சொல்லவில்லை. அவர் எதிரே உட்கார்ந்து கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு மிஷின் ஓடும். அவரை அனுப்புவதாக இல்லை.

பழைய சாமான் கடையில் ஒரு மேசை கிடந்தது. ஏதோ கடையில் நின்றுகொண்டே பொட்டலம் கட்டப் பயன்பட்டது, என் நெஞ்சு உயரம். மேலே ஒட்டியிருந்த மைக்கா உப்பிப் போயிருந்தது. "அடுப்பெரிக்கத்தான் ஆகும்மா" என்றார் கடைக்காரர். ஓரத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். உள்ளே நல்ல மரம். விறகு விலைக்கே கேட்டு வாங்கினேன்.

என் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி மைக்காமேல் வைத்ததும் பசை இளகியது. கத்தியை விட்டு நெம்பி உரித்தேன். பெண்கள் இருவரும் உப்புத்தாள் தேய்த்துத் தும்மினார்கள். கணவர் வார்னிஷ் அடித்தார். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது.

உயரத்தைக் குறைக்கும்போதுதான் என் தொழில்புத்தி வேலையைக் காட்டியது. தச்சராக இருந்தால் ஒரே அளவெடுத்து நாலு காலையும் அறுத்திருப்பார். நான் தொளதொள ஜாக்கெட்டை உடம்புக்குப் பிடிப்பது மாதிரி, மாமனாரை உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று பிடித்தேன். ஆடியது. ஆடும் காலை விட்டு மற்றதை அறுத்தேன். மறுபக்கம் ஆடியது. சனிக்கிழமை காலையில் மாமனாரின் முட்டி மேசைக்கு அடியில் நுழையவே இல்லை.

"நல்லா வந்திருக்கு, படுத்துக்கிட்டே சாப்பிடலாம்" என்றார் கணவர். எனக்கு அழுகையே வந்துவிட்டது. துணியென்றால் பிடித்தது அதிகமானாலும் உள்தையலைப் பிரித்து அளவு விடலாம். மரத்துக்கு ஏது உள்தையல்?

ஆனால் வெட்டியதை எறிகிற பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அறுத்த துண்டெல்லாம் ஒரு பையில் இருந்தன. எந்தத் துண்டு எந்தக் காலுடையது என்று பெண்கள் தேடித்தேடி எடுத்துக் கொடுக்க, பசை தடவி, திருகாணி முடுக்கி, பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டேன். மிச்சமிருந்த ஆட்டத்துக்கு ஒரு காலுக்கடியில் மடித்த அட்டை.

ஞாயிறு மத்தியானம் நாத்தனார் காலிப் பெட்டியோடு வந்தார். குனிந்து பார்த்தார்.

"என்ன இது, காலெல்லாம் ஒட்டு? பாக்கிறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் அண்ணி. சிரிச்சுட்டுப் பசிச்சா உக்காரட்டும், ஆறு பேருக்கு இடமிருக்கு."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. அப்பா, கிளம்புங்க."

"பாருங்க அண்ணி, மேசை வந்தாச்சு. இனிமே மாமா இங்கதான்" என்றேன்.

மாமனார் இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றினார். குரலை உயர்த்தாத மனிதர் அன்றைக்கு உயர்த்தினார்.

"அவ பெட்டியைக் கொண்டாறா, நீ மேசையைக் கொண்டாறே. எங்க இருக்கணும்னு என்னை யாராவது கேட்டீங்களா? முட்டிதான் மாத்தினாங்க, வாயை இல்ல."

நாத்தனார் பெட்டியைக் கீழே வைத்தார். எனக்கு முகம் சுட்டது. ஒரு வாரமாக அவரை உட்காரவைத்து அளவெடுத்தவள் நான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, இப்ப கேக்கிறேன் மாமா. எங்க இருக்கப் போறீங்க?"

"இங்கதான். மேசை இல்லன்னாலும் இங்கதான். மடியில கொட்டினா சட்டையை மாத்திப்பேன், வீட்டை மாத்த மாட்டேன்."

"அப்போ மேசை வேணாமா? திருப்பிக் குடுத்துடவா?"

"இது மேல கையை வெச்சிடுவியா?" என்றார் மாமனார், முழங்கையை எடுக்காமலே. "எல்லாரும் உக்காருங்க. அவளுக்கும் ஒரு தட்டு வை."