ஆணி அடிக்காத பலகை

1

இந்தக் கதை ஒரு பலகை கிறீச்சிட்டதில் பிறந்தது. எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். முதலில் இப்படித் தொடங்கினேன்:

பாலைவனத்தில் ஒரு வீடு மிதந்துகொண்டிருந்தது.

(அடித்துவிட்டேன். எதிரே குடியிருக்கும் டெல்பர்ட் பார்த்தால் சிரிப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் சிரிப்பார்.)

ஆனால் அது பொய்யில்லை. யூமா என்ற பாலைவன ஊருக்கு வெளியே, எங்கள் டிரெய்லர் பூங்காவில், மதிய வெயிலில் எல்லா வண்டிவீடுகளும் தரையைவிட்டுச் சற்று எழும்பித்தான் தெரியும். குளிருக்குப் பயந்து வடக்கிலிருந்து அவற்றைக் காரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். சிலர் திரும்பிப் போவதில்லை. அதை வாயால் சொல்லவும் மாட்டார்கள். வண்டியின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவை இரும்பை மறைத்து, அதன்மேல் ஒரு மரமேடை கட்டிவிடுவார்கள். உடனே அக்கம்பக்கத்தார் கேக்கோடு வந்து கைகுலுக்குவார்கள்.

2

என் பக்கத்து வண்டி வெர்டாவின் மேடையைக் கட்டியவர் அவர் கணவர் ஆர்வின். அப்போது வண்டி அவர்களுடையதே இல்லை, குத்தகைக்கு எடுத்தது. குத்தகை வண்டிக்கு யாராவது மேடை கட்டுவார்களா? ஆர்வின் கட்டினார். அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தங்கள் ஊரான வடக்கு டகோட்டாவில் எவ்வளவு பனி என்று தினமும் வெர்டாவைப் படிக்கச் சொல்லிக் கேட்பார். போன வசந்தத்தில் ஒரு காலை, அவர் காப்பியை

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அவர் இறந்துவிட்டார். வெர்டா இன்னும் அந்த நாற்காலிக்குப் பனிச் செய்தி படிக்கிறார்.)

மிச்சக் குத்தகையைக் கட்டித் தீர்த்து, வெர்டா வண்டியை வாங்கிக்கொண்டார். குத்தகை நிறுவனமும் உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டது. பெயர் மாற்றுவதுதான் பாக்கி. மாற்றாவிட்டால் அடுத்த ஆண்டு பூங்காவில் இடம் கிடையாது. பத்திரம் வேறு மாநிலத்தது என்பதால், வண்டியில் பொறித்திருக்கும் எண்ணை ஓர் அலுவலர் நேரில் வந்து பார்க்கவேண்டும்.

எண் இருப்பது இழுவை இரும்பில். இழுவை இரும்பு இருப்பது மேடைக்கு அடியில்.

3

"மேடையப் பிரிச்சுத்தான் ஆகணும்," என்றார் எதிர்வண்டி டெல்பர்ட். கையில் ரம்பம்.

"பிரிச்சுப் பாரு, உன் கைய ஒடிக்கிறேன்," என்றார் வெர்டா.

"அடியில புகுந்து பாக்கலாம்னா என் வயிறு விட மாட்டேங்குதே."

"உன் வயிறு எதுக்குத்தான் வழி விட்டுருக்கு?"

பிறகு வெர்டா என் பக்கம் திரும்பினார். "நீ கதை எழுதுறவதானே, கண்ணு? கதையிலயாச்சும் இத ஒடைக்காம என் பேருக்கு மாத்திக் குடேன்."

எழுதிப் பார்த்தேன். அந்தக் கதையில் விடியும் நேரத்தில் வண்டி தூக்கத்திலேயே மெல்ல எழும்புகிறது. மேடையும் கூடவே எழும்புகிறது. மேலே நாற்காலியில் ஆர்வின். அலுவலர் கீழே நின்று, அண்ணாந்து பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்கிறார்.

வெர்டாவுக்கு வாசித்துச் சொன்னேன். "அழகா இருக்கு," என்றார். "ஆனா ஆர்வினுக்கு உசரம்னா பயம்."

அதையும் அடித்துவிட்டேன்.

4

மேடையில் ஒரு பலகை, யார் மிதித்தாலும் கிறீச்சிடும். ஆணி அடியுங்கள் என்று வெர்டா சொல்லாத நாளில்லை. நாளைக்கு என்பார் ஆர்வின். கடைசியில் நாற்காலியை அந்தப் பலகைமேல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

(இதை முதலிலேயே விவரமாகச் சொல்லியிருக்கவேண்டும். கெட்டிக்கார எழுத்தாளர் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்.)

எங்கே அறுப்பது என்று பார்க்க, டெல்பர்ட் நாற்காலியை நகர்த்தினார். அந்த இடத்தில் வெர்டா கால் வைத்தார். கிறீச். குனிந்து, ஓரத்தில் விரல் கொடுத்தார். பலகை பெட்டி மூடிபோலக் கையோடு வந்துவிட்டது. ஆணியே இல்லை. அடியில் இழுவை இரும்பு, துரு ஒரு பொட்டுக்கூட இல்லாமல், எண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல. அதில் எண்.

"கில்லாடிப் பய!" என்றார் டெல்பர்ட்.

வெர்டா இரும்பைத் தொட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

அலுவலர் வந்தார், பார்த்தார், போனார். வண்டி இப்போது வெர்டாவின் பெயரில் இருக்கிறது. கதையை இங்கேயே முடித்திருக்கலாம்.

5

முடிவு ஒன்று: தான் போனபிறகு அவள் பெயருக்கு மாற்றவேண்டி வரும் என்று ஆர்வினுக்குத் தெரியும். அதற்கு வழி விட்டுவைத்தார்.

முடிவு இரண்டு: அவர் இங்கே தங்க மனசு வைக்கவே இல்லை. எங்கள் கேக்கைத் தின்று, கையையும் குலுக்கிவிட்டு, ஊர் திரும்பும் நாளுக்காக இரும்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தார்.

முடிவு மூன்று: வெறும் சோம்பல். (இது டெல்பர்ட்டின் கட்சி. அப்படியானால் எண்ணெய் போட்டது யார்?)

இப்போது மதியம். மேடை வெயிலில் லேசாக மிதக்கிறது. பலகையைப் பழையபடி பொருத்திவிட்டு, வெர்டா அதன் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார். வாயில் கவ்வியிருந்த ஆணியை எடுத்துவிட்டுக் கேட்கிறார்:

"சொல்லு கண்ணு. எனக்காக விட்டு வச்சாரா? இல்ல, இத்தன வருசமும் கெளம்பணும்னே உக்காந்திருந்தாரா? இப்ப இது என் வண்டி. அடிச்சிரட்டுமா?"

எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதவும் வரவில்லை. அவர் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார். சுத்தியல் என்னிடம் இருக்கிறது.

இவ்வளவு தூரம் கதையோடு வந்துவிட்டீர்கள். இதைக் கொஞ்சம் பிடியுங்கள்.