மூர் மார்க்கெட் பித்தளைக் கொம்பு

எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எதையாவது துலக்கும், எதையாவது அடுக்கும், இல்லாவிட்டால் எதையாவது இழுத்துக் கீழே போடும். எழுபத்திரண்டாம் வருஷம், ஆடி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பரணில் கிடந்ததையெல்லாம் இழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரரின் பழைய லுங்கிக்குள் சுற்றி அது கிடந்தது.

பித்தளைச் சாமான். ஒரு முழம் நீளம். ஒரு பக்கம் ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்திருந்தது. அந்த வாயில் ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு. மறுபக்கம் வளைந்து ஒடுங்கி, கடைசியில் சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு மூக்கு. தரையில் வைத்தால் நிற்கவில்லை, உருண்டது. ஆணியில் மாட்ட ஒரு வளையமும் இல்லை. யாரோ ரொம்ப நாள் புழங்கிய பொருள் என்பது மட்டும் தெரிந்தது. பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவரிடம், "இன்னாய்யா இது?" என்றேன். நிமிரவில்லை. கிட்டே போய் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். திருடன் மாதிரி விழித்தார்.

"மூர் மார்க்கெட்ல பழைய சாமான் கடையில கெடந்திச்சி. சும்மா வாங்கியாந்தேன்."

"இன்னாத்துக்கு?"

"ஆங், சோறு போடு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியை எடுத்துக்கொண்டார்.

ஒரு வருஷமாகவே இந்தக் கதைதான். நான் ஒன்று கேட்டால் அவர் ஒன்று சொல்வார். அடுப்படியிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் அசையமாட்டார். எனக்கு மரியாதை அவ்வளவுதான் என்று நினைத்தேன். எவளாவது இருக்கிறாளோ என்றுகூட நினைத்தேன். அவர் சொல்லாவிட்டால் போகிறது, சொல்ல ஊரில் ஆள் இல்லையா என்று குடத்தை இடுப்பிலும் அந்தச் சாமானைக் கையிலும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

திருமுல்லைவாயிலில் எங்கள் லைனில் எட்டு வீடு. எட்டு வீட்டு ஆம்பளைகளும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியின் பிரஸ் ஷாப்புக்கு சைக்கிள் மிதிக்கிறவர்கள். தகடு வெட்டுகிற வேலை. கோடி வீட்டு ஜம்புலிங்கம் மேஸ்திரிதான் எல்லோரையும் உள்ளே சேர்த்தவர். தற்காலிக ஆட்களில் யாரை வைப்பது, யாரை அனுப்புவது என்பதெல்லாம் அவர் வாய்ச்சொல். என் வீட்டுக்காரர் நாலு வருஷமாகத் தற்காலிகம். அடுத்த மாசம் நிரந்தரமாக்கும் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்த ஒரு பட்டியலை நம்பித்தான் நாங்கள் உயிரோடு இருந்தோம்.

குழாயடியில் சாமான் கை மாறிக் கை மாறிப் போயிற்று. கிருஷ்ணாயில் ஊற்றுகிற புனல் என்றாள் ஒருத்தி. புனலுக்கு எதற்கு வளைந்த மூக்கு என்றாள் இன்னொருத்தி. அடுப்பு ஊதுகிற குழல் என்றார்கள், பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற சங்கு என்றார்கள். மேஸ்திரி பெண்டாட்டி கெங்கம்மாள் அதை வாயில் வைத்து ஊதியே பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"உன் ஊட்டுக்காரன் சாமி ஊர்வலத்துல கொம்பு ஊதப் போறானாடி, கன்னியம்மா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மானம் போகிறதே என்று இருந்தாலும் நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்போதுதான் ரோஸி அக்கா வந்தாள். வில்லிவாக்கத்தில் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரத் துரை வீட்டில் பத்து வருஷம் ஆயா வேலை பார்த்தவள். பார்த்ததும் கையில் வாங்கி, மூக்கைத் தன் காதுக்குள் சொருகி, விரிந்த வாயை என் பக்கம் திருப்பினாள்.

"இப்ப பேசு. மெதுவா பேசு. தொரையோட மாமியா இப்டித்தான் வெச்சிக்கும். காது கேக்காதவங்களுது இது. உங்க ஊட்ல யாருக்குடி காது கேக்காது?"

கெங்கம்மாள் தன் குடத்தைப் பார்த்தாள். பாதிதான் நிறைந்திருந்தது. அந்த அரைக் குடத்தையே இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். மணிக்கணக்கில் வரிசையில் நின்று பிடிக்கிற தண்ணீரை எவளும் அரைக் குடத்தோடு விட்டுவிட்டுப் போகமாட்டாள். புருஷனிடம் சொல்லத்தான் ஓடுகிறாள் என்று எனக்குப் பட்டது.

வீட்டுக்கு ஓடினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் புருஷன் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் சொல்லமாட்டாள். சொன்னால் கேட்ட புருஷன் துள்ளி எழுந்திருப்பான். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று சொன்னேன்.

"எத்திராஜ்."

திரும்பவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். கத்தியும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் ஒட்டுக்கு மேல் கட்டை விரலை வைத்து நிதானமாக அழுத்திக்கொண்டே இருந்தார்.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அவரை ஆயிரம் தரம் திட்டியிருப்பேன். ஒரு தரமாவது அது என் மரமண்டையில் ஏறிற்றா?

தோளைப் பிடித்துத் திருப்பினேன். என் வாயைப் பார்த்தார், கையிலிருந்த சாமானைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"மிஷின் அடிச்சி அடிச்சி போயிடிச்சிமே" என்றார். "கிட்ட நின்னு பேசினா கொஞ்சம் காதுல வுயுது. தள்ளி நின்னா ஒண்ணும் இல்ல. ஷாப்ல சத்தம், அங்க எவனுக்கும் தெரியாது. ஊட்லதான் கஷ்டமா கீது. நீ குழாயடிக்குப் போற நேரத்துல இத்த வெச்சி ரேடியோ கேட்டுப் பாப்பேன்."

"ஆறு வருசம் குடும்பம் நடத்தினவகிட்ட இத்த மறைப்பியாய்யா? நான் இன்னா தெருவுல போறவளா?"

"செவுடன் மிஷின்ல நிக்கக் கூடாதுன்னு எங்க ஷாப் லட்சுமணனை அனுப்பிச்சாங்களே, மறந்துட்டியா? உங்கிட்ட சொன்னா குழாயடிக்கே சொன்ன மாதிரிதானேமே."

அறையலாம் போல் ஆத்திரம் வந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. குழாயடியிலிருந்துதானே வந்து நிற்கிறேன்?

"காட்டிட்டேன்யா" என்றேன். "எல்லாத்துக்கும் காட்டிட்டேன். கெங்கம்மாளும் பாத்துட்டா."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. சக்கரத்தை மாட்டி, காற்று அடித்து, சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எனக்கு என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனவர் பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டார். மேஸ்திரி மிஷினை நிறுத்தச் சொல்லி, இவர் பின்னால் வந்து நின்று மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மொத்த ஷாப்பும் பார்த்துக்கொண்டிருந்ததாம். பக்கத்து மிஷின்காரன் கண்ணைக் காட்டிய பிறகுதான் இவர் திரும்பியிருக்கிறார். "நாளையிலேர்ந்து வராதே" என்று சீட்டைக் கிழித்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கல்யாணத்தன்று நல்ல காதோடு இருந்த மனுஷன். நான் கிசுகிசுத்தால்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர். அந்தக் காதைத் தின்றது யார்? அவர்கள் மிஷின்தானே? தின்றுவிட்டு, காது இல்லாதவன் வேண்டாம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? கோடி வீட்டு வாசலில் போய் நின்று இதையெல்லாம் கேட்டேன். தெருவே கூடிவிட்டது. மேஸ்திரி வெளியே வந்து என் வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். என்ன திமிர் என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் கெங்கம்மாள் எங்கள் பின்கட்டுக்கு வந்தாள். முந்தானைக்குள் ஒரு கிண்ணம் மீன் குழம்பு. பகையாளி வீட்டுக்குக் குழம்பு எதற்கு என்று நான் கையை நீட்டவில்லை. துவைக்கிற கல்மேல் கிண்ணத்தை வைத்தாள். அக்கம்பக்கம் பார்த்தாள்.

"அந்தக் கொம்பு கீதேடி" என்றாள் தணிந்த குரலில். "அத்த ரெண்டு நாளு குடு. எங்க ஊட்டுக்காரருக்கு வெச்சிப் பாத்துட்டுக் குடுத்துடறேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவள் வீட்டில் பேசினால் ரயிலடி வரைக்கும் கேட்கும். வாயாடி என்று லைன் பூரா பெயர் வைத்திருந்தோம். பாவி, வேறு வழியில்லாமல்தான் கத்தியிருக்கிறாள்.

"எத்தினி வருசமா?" என்றேன்.

"ஏழெட்டு வருசம் இருக்கும். வாயைப் பாத்தே புரிஞ்சிக்குவாரு."

"எட்டு வருசமா செவுடு, அவரு மேஸ்திரி. எங்க ஊட்டுக்காரரு ஒரு வருசமா செவுடு, அவரு ஊட்ல படுத்துக் கெடக்கணும். நல்லா கீதுடி உங்க நாயம்!"

"கத்தாதே, கன்னியம்மா. கால்ல வேணா வுயறேன். யாரு காதுலயாவது போட்டுடாதே."

ஞாயிற்றுக்கிழமை அரைக் குடத்தோடு ஓடினாயே, அப்போது இந்தப் பயம் எங்கே போயிற்று என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். வீட்டுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போய் முன் வாசலில் நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் பெண்கள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரைக் கூப்புடு" என்றேன். "உன் ஊட்டுக்காரரு பின்னால நின்னு கூப்ட்டாரு இல்ல? நீ முன்னால போயி நின்னு கூப்புடு. எங்கிட்ட சொன்னத்த அவருகிட்ட சொல்லு."

கெங்கம்மாள் இரண்டு படி இறங்கி அவர் முகத்துக்கு நேரே நின்றாள். முணுமுணுத்தாள். அவர் ஒன்றும் விளங்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேக்கலையாம்" என்றேன். "உங்க ஊட்ல எப்டிப் பேசுவியோ அப்டிப் பேசு."

அவள் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருந்தாலும் காட்டியிருக்கமாட்டேன். கடைசியில் அவள் தொண்டையைத் திறந்தாள்.

"எத்திராஜ்! எங்க ஊட்டுக்காரருக்கும் காது கேக்காது! நாளைக்கு நீ வேலைக்கு வா! நான் சொல்லிக்கிறேன்!"

எதிர்வரிசையில் முறங்கள் நின்றன. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார். கெங்கம்மாள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு கொம்புக்காக என் முன்னால் கையை நீட்டினாள்.

"மொதல்ல அவரு வேலைக்குப் போவட்டும்" என்றேன்.