பதில் நீந்தும் ஏரி

அந்த நாட்டில் விண்ணப்பங்களுக்கான பதிலைத் தபாலில் அனுப்புவதில்லை. மீனின் வாயில் வைத்து ஏரியில் விட்டுவிடுவார்கள். பிடித்துக்கொள்வது விண்ணப்பித்தவரின் பொறுப்பு.

இதற்கென்று தெரிந்தெடுத்திருக்கும் மீன் வோலாய். பொன்னும் பாசியும் கலந்த நிறம், பால் பூத்தது போன்ற பெரிய கண். கலங்கிய தண்ணீரிலும் அந்தக் கண்ணுக்கு எல்லாம் தெரியும். ஒருவருடைய பதிலைக் காவித் திரிகிற மீனுக்கு அந்தப் பார்வையாவது இருக்கத்தானே வேண்டும். கீழ்த் தாடைக்குள் விரல் நீளத்தில் ஒரு குழாய், குழாய்க்குள் சுருட்டிய கடிதம், முதுகுச் செட்டையில் இலக்கம் பொறித்த மஞ்சள் தகடு. இலக்கம் உங்களுடையது இல்லையென்றால் குழாயைத் தொடாமல் மீனைத் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அடுத்தவர் பதிலை வாசித்து நமக்கு என்ன ஆகப் போகிறது, சொல்லுங்கள்.

தவரூபன் தன் மனைவி ஆரணியை ஊரிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டு நாலு வருசம் ஓடிவிட்டது. போன மே மாதம்தான் பதில் திணைக்களத்திலிருந்து ரெலிபோனுக்கு ஒரு செய்தி வந்தது. உமது பதில் ஏரியில் விடப்பட்டுள்ளது. இலக்கம் 7714. நீளம் ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர். ஏரி உறையுமுன் பிடிபடாத பதில்கள் ஏரிக்கே சொந்தம்.

ஏரிக்குச் சொந்தமாகிவிட்டால் திரும்ப முதலாம் படிவத்திலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு நாலு வருசம்.

இப்போது நவம்பர் நடு. கரையோர நாணலைச் சுற்றிக் கண்ணாடித் தகடு மாதிரி ஐஸ் படரத் தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி உறைந்துவிடும் என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குச் செவ்வாய். மனுசனுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை, தேத்தண்ணியில்தான் உயிரோடு இருந்தான்.

படகு றெஜினாக்காவுடையது. கிழமையில் மூன்று நாள் நகரத்தில் பஸ் ஓட்டுகிற பெண், மிச்ச நாளெல்லாம் ஏரிதான். ஐம்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம். தன் அண்ணனைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பத்தின் பதிலை எப்போதோ பிடித்து முடித்துவிட்டார். அதற்குப் பிறகும் பதில் பிடிக்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போவதை அவர் விடவில்லை.

கரையில் குந்தியிருந்து தூண்டில் போட்டால் வோலாய் திரும்பியும் பார்க்காது. படகை மெல்ல ஓட்டிக்கொண்டே பின்னால் பொய்மீனை இழுத்துப் போக வேண்டும். பொய்மீனின் நிறம் விண்ணப்பத்தின் வகையைப் பொறுத்தது. கணவன் மனைவிக்குச் செம்மஞ்சள், தாய் தகப்பனுக்கு வெள்ளி. கடைக்காரனிடம் இலக்கத்தைச் சொன்னால் அவனே எடுத்துத் தருவான். மண்புழு, கையொப்பம் போட மறந்த விண்ணப்பங்களுக்கு மட்டும்தான்.

படகின் சத்தத்துக்கு மீன் ஒதுங்கிப் போகும். அதனால் நூலை ஒரு சின்ன மரப்பலகையில் கொழுவி விடுவார்கள். அது படகைவிட்டு முப்பது மீற்றர் பக்கவாட்டில் தள்ளிப் போய், கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி தூரத்திலேயே கூட வரும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பலகை பின்வாங்கினால் மீன் கடித்துவிட்டது என்று அர்த்தம். ஆழம் ஆறு மீற்றர். வேகம் மணிக்கு மூன்று கிலோமீற்றர், அதற்கு மேல் ஒரு பொட்டும் கூடாது.

தூண்டில் கம்புகளை றெஜினாக்கா பார்த்துக்கொண்டார். இயந்திரத்தின் கைப்பிடி தவரூபனிடம் இருந்தது. அவனுடைய கை நடுங்கியது. நடுக்கம் நூல் வழியாகப் போய்ப் பொய்மீனையும் நடுக்கும் என்பதால் அவனைக் கம்புக்குக் கிட்டவும் அவர் விடவில்லை.

பத்து மணியளவில் வலப்பக்கப் பலகை பின்வாங்கியது. றெஜினாக்கா நூலைச் சுற்றிச் சுற்றி மீனை வலைக்குள் எடுத்தார். தகட்டில் 3309 என்று இருந்தது.

"உன்ர இல்லைத் தம்பி," என்றார் றெஜினாக்கா.

மீன் திரும்பத் தண்ணீருக்குப் போனது. அப்போது தவரூபனுக்கு ஒரு பெருமூச்சு வந்தது. ஏமாற்றப் பெருமூச்சு இல்லை அது, அப்பாடா என்ற மூச்சு. றெஜினாக்கா அதைக் கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைக்கு அறைக்குத் திரும்பியதும் ஆரணி ரெலிபோன் திரையில் வந்தாள். அவளுக்குப் பின்னால் சூட்கேஸ் நின்றது. நாலு வருசமாகக் கட்டியபடியே அவள் வீட்டு நடுக்கூடத்தில் நிற்கிற சூட்கேஸ்.

"இண்டைக்கு?" என்றாள்.

"இல்லை. நாளைக்குப் பாப்பம்."

"ம். அதென்ன, அந்தச் சட்டைக்கு இன்னும் பொத்தான் தைக்கேல்லையே?"

தவரூபன் குனிந்து பார்த்தான். அவன் புறப்பட்டு வந்த அன்று விமான நிலையத்தில் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. நெஞ்சுப் பொத்தான் அன்றைக்கே அறுந்துபோனது. "நீர் வந்து தையுமன்," என்றான்.

"நல்லாத்தான் இருக்கு. நாலு வருசமா நெஞ்சைத் திறந்துகொண்டு திரியுங்கோ. பார்க்கிற சனம் என்னையெல்லோ பேசும்."

ஆரணிக்குப் பொத்தான் இல்லாத சட்டையைக் கண்டால் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில், கோவில் திருவிழா நெரிசலில், முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் பொத்தான் தொங்குவதைக் கண்டு, "கொஞ்சம் நில்லுங்கோ ஐயா" என்று கைப்பையிலிருந்து ஊசி எடுத்தவள். சாமி தேரில் ஏறும்வரை அந்தப் பெரியவர் அசையாமல் நின்றார். கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு நூற்கட்டையும் உதிரிப் பொத்தான் ஒன்றிரண்டும் எப்போதும் அவள் பையில் கிடக்கும்.

புதன்கிழமையும் ஒன்றும் அகப்படவில்லை. வியாழக்கிழமை காலை நாணலடி ஐஸை உடைத்துக்கொண்டுதான் படகை இறக்கினார்கள். ஒரு மணித்தியாலம் ஓடியபின் றெஜினாக்கா எழுந்துவந்து இயந்திரத்துக்கு மேலே இருந்த வேகமானியைக் குனிந்து பார்த்தார். ஐந்து கிலோமீற்றர் காட்டியது.

"கூடிப்போச்சு," என்று தவரூபன் அவசரமாகக் குறைத்தான்.

"இண்டைக்கு மட்டுமே கூடினது? ரெண்டு மாதமாப் பாக்கிறன். நான் அந்தப் பக்கம் திரும்பினா நீ முறுக்கிறாய். ஐஞ்சில எந்த மீனடா துரத்தி வந்து கடிக்கும்? நீ பதில் பிடிக்க வரேல்லைத் தம்பி. அது பிடிபட்டிடாம இருக்கத்தான் வாறாய்."

தவரூபன் தண்ணீரைப் பார்த்தான். கண் நிறைந்துவிட்டது.

"இல்லை எண்டு வந்தா என்னக்கா செய்யிறது? இப்ப அது ஏரிக்குள்ளதானே கிடக்கு. உள்ள கிடக்குமட்டும் ஓம் எண்டும் இருக்கலாம்தானே. எனக்குப் பயமா இருக்கு."

"பயம்தான். ஆருக்குப் பயமில்லை." றெஜினாக்கா அவனுக்கு எதிரில் உட்கார்ந்தார். "நானும் இப்பிடித்தான் முறுக்கினன். ரெண்டு தரம் என்ர பதில் ஏரிக்குப் போச்சு. பன்ரெண்டாம் வருசம் பிடிச்சன். ஓம் எண்டு இருந்தது. அண்ணைக்கு எடுத்துச் சொன்னா, இனி வந்து என்னத்தைச் செய்யிறது, பேரப்பிள்ளையள் பிறந்திட்டினம் எண்டிட்டார். கடிதத்தை வச்சு நான் என்ன செய்ய, சட்டம் போட்டுச் சுவரில கொழுவிறதே?"

பிறகு எழுந்து கம்புகளிடம் போனார்.

தவரூபன் கைப்பிடியைத் தளர்த்தினான். நாலு, மூன்றரை, மூன்று. படகை நேராக விடாமல் இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினான். இந்த வளைவில் ஒரு சூட்சுமம் உண்டு. படகு திரும்பும்போது வெளிப்பக்கப் பலகை வேகம் எடுக்கும், உள்பக்கப் பலகை தயங்கித் தயங்கி வரும். மீன் எந்தப் பக்கம் கடிக்கிறதோ, அதுதான் அதற்குப் பிடித்த வேகம். ஒவ்வொரு வளைவிலும் அவன் உள்ளங்கை வியர்த்தது. முறுக்கச் சொல்லிக் கை கெஞ்சியது. அவன் கையைத் தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டு மற்றக் கையால் ஓட்டினான்.

ஏழாவது வளைவில் உள்பக்கப் பலகை மெல்லத் தலைசாய்த்துப் பின்வாங்கியது.

"ஆறுதலாத்தான் வேணுமாம் அதுக்கு," என்றார் றெஜினாக்கா.

தகட்டில் 7714 என்று இருந்தது. அளவுகோலில் வைத்தபோது ஐம்பத்திரண்டு சென்ரிமீற்றர் சரியாக வந்தது. மீன் தானாகவே வாயைத் திறந்து காத்திருந்தது. தவரூபன் குழாயை எடுத்தபின் அதைத் தண்ணீரில் விட்டார்கள், இனிக் காவ அதற்கு வேறு கடிதங்களும் இருக்கும். அவன் கடிதத்தை விரித்தான். அது திரும்பச் சுருண்டுபோகாமல் றெஜினாக்கா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

அனுமதி வழங்கப்பட்டது. திருமதி ஆரணி தவரூபன் இப்பதில் பிடிபட்டதை அடுத்து வரும் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரியில் விடப்படுவார். தூண்டில் முள்ளுப் பூட்டாத இழுவை மட்டுமே அனுமதிக்கப்படும். உறைதல் தொடர்பான வழமையான நிபந்தனை பொருந்தும்.

தவரூபன் அழுதான், சிரித்தான், கடைசி வரியை இன்னொரு தரம் வாசித்தான்.

அன்றிரவு ரெலிபோனில் சொன்னபோது ஆரணிக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. "திணைக்களத்தில இருந்து எனக்கும் சொன்னவை," என்றாள். "எவ்வளவு ஆழத்தில விடட்டும் எண்டு கேட்டவை. நீங்கள் எப்பவும் ஆறு எண்டுதானே சொல்லுவியள், அதுதான் ஆறு மீற்றர் எண்டு போட்டன். சரிதானே?"

"சரி. சூட்கேஸைக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்காதையும். இழுக்கேக்க பாரம்."

"அதை வேறயா விடுவினமாம். நீங்கள் என்ன போடப்போறியள்?"

"யோசிக்கிறன்."

"சாப்பாடு ஒண்டும் போட்டுவையாதேங்கோ. நான் வெளியில சாப்பிட மாட்டன் எண்டு தெரியும்தானே. அதோட, வேகமா ஓட்டாதேங்கோ அப்பா. எனக்கு மூச்சு வாங்கும்."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரியின் நடுப்பகுதி மட்டும்தான் தண்ணீராக இருந்தது. நாலு பக்கமும் ஐஸ் வந்துகொண்டிருந்தது, நேற்றையைவிட ஐம்பது அடி கிட்ட. தவரூபன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, கழுத்துப்பட்டியில் நூலைக் கட்டி, அடியில் ஒரு ஈயக்குண்டு தொங்கவிட்டு, ஆறு மீற்றருக்கு இறக்கினான். பலகையை இடப்பக்கம் கொழுவி விட்டான். கோட்டுக்குள்ளே பனியனோடு குந்தியிருந்து மணிக்கு இரண்டு கிலோமீற்றரில் ஓட்டினான். பிடிபட்டுவிட வேண்டும் என்று இந்த முறை மனமார வேண்டினான்.

எட்டு மணியாயிற்று. ஒன்பது மணியாயிற்று. ஐஸ் இன்னும் கிட்ட வந்தது. பத்தேகால் அளவில், இடப்பக்கம் திரும்பும்போது, உள்பக்கப் பலகை மெல்ல நின்றது. நின்று, பின்வாங்கியது.

"இழுக்காத, இழுக்காத," என்று றெஜினாக்கா கம்பை அவனிடமே கொடுத்துவிட்டு இயந்திரத்தின் கைப்பிடியைத் தான் வாங்கிக்கொண்டார். "பதறாமச் சுத்து."

நூல் பாரமாக இருந்தது. அடியில் ஏதோ சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. அவன் ஒரு சுற்று, நிறுத்தி இன்னொரு சுற்று என்று சுற்றினான். முப்பது மீற்றர், இருபது, பதினைந்து. பதினைந்தில் பாரம் சட்டென்று விட்டுப்போனது. தவரூபனுக்கு உயிரே போய்விட்டது. மிச்ச நூலையும் சுற்றி எடுத்தபோது சட்டை மட்டும் தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

நெஞ்சுப் பொத்தான் தைத்திருந்தது. வெள்ளை நூல், குறுக்கும் மறுக்குமாக நாலு தையல், பின்பக்கம் இறுக்கி ஒரு முடிச்சு. முடிச்சுக்கு மேலே நூலைப் பல்லால் கடித்து அறுத்திருந்தது. அவள் கத்தரிக்கோல் வைத்துக்கொள்வதில்லை.

றெஜினாக்கா சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "கெட்டிக்காரி. வேலை முடிஞ்சுது, விட்டிட்டா."

தவரூபன் ஐஸைப் பார்த்தான். பிறகு சட்டையை மடியில் வைத்து மற்ற ஆறு பொத்தான்களையும் ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தான். புதிதாய்த் தைத்ததை மட்டும் விட்டுவிட்டான். ஆறையும் தொலைந்துபோகாமல் சட்டைப் பைக்குள் போட்டு, பையின் வாயை ஊக்கால் குத்தினான். ஆறு பொத்தான் என்றால் படகடிக்கு வந்து சேரும் வரைக்கும் தையல் இருக்கும்.

"அவவிட்ட நூல் காணுமோ?" என்று றெஜினாக்கா கேட்டார்.

"வெள்ளை முடிஞ்சாலும் கறுப்பு இருக்குமக்கா."

றெஜினாக்கா வேகத்தை ஒன்றரைக்குக் குறைத்தார். தவரூபன் சட்டையைத் தண்ணீரில் இறக்கி, ஆறு மீற்றர் வரும்வரை எண்ணினான்.