மேல் பலகையில் வைத்த ஊசி

என் புருஷன் டாய்ஸ்டோவுக்கு எந்த நோய்க்கும் ஒரே மருந்து சௌனா. நீராவி அறையில் வியர்த்து எழுந்தால் சளி போகும், சண்டை போகும், என் அம்மா மேலுள்ள கோபமும் போகும். எனக்கு வந்த எம்.எஸ். மட்டும் போகவில்லை. அது நரம்பைத் தின்னும் நோய், எனக்கு விட்டு விட்டு வருகிற வகை. போன கோடையில் இடது கால் மரத்து, செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஏரிக்கரை வரை நடந்து போனேன்.

அன்றிலிருந்து வாரம் மூன்று ஊசி. “போன உணர்ச்சி இதால திரும்பாதும்மா. அடுத்த அடி விழாம தள்ளிப்போடும், அவ்வளவுதான்,” என்று நர்ஸ் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு கால் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. விரல்களுக்கு மட்டும் உணர்ச்சி இன்னும் திரும்பவில்லை.

இன்று நடுக்கோடை விழா. போன வருஷம் எல்லாரும் டாங்கோ ஆட, நான் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பைகளுக்குக் காவல் இருந்தேன். இந்த வருஷம் ஆடியே தீருவது என்றிருந்தேன்.

கிளம்புமுன் ஊசி போட வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் விட்டதும் குத்த வேண்டும்.

“ஊசி எங்கே?”

“சௌனாவில. மேல் பலகையில வெச்சிருக்கேன்.”

“அட மண்டு! முட்டை வேகுற இடத்திலயா மருந்தை வெச்சே?”

அவன் காது சிவந்தது. “ஜில்லுனு ஏறினா உனக்கு வலிக்குமேன்னுதான்.”

கல்யாணத்தன்றுகூட அவன் வாயிலிருந்து இவ்வளவு கனிவு வந்ததில்லை. வெந்ததைக் கழித்துவிட்டு வேறொன்றை எடுத்து மேஜை மேல் வைத்தோம். அது குளிர் விடுவதற்குள் ஏரிக்கு அப்பால் முதல் டாங்கோ முடிந்துவிட்டது. எனக்கு எட்டாத மேல்கையின் பின்பக்கத்தில் அவன்தான் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு குத்தினான்.

“வலிச்சுதா?”

“உனக்குத்தான் மூஞ்சி வெளுத்துப் போச்சு. கிளம்பு!”

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பெண்களே ஆண்களை ஆட அழைக்கும் முறை நடந்துகொண்டிருந்தது. நான் நேரே போய் டாய்ஸ்டோ முன் நின்றேன். கால் சொன்னபடி கேட்டது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவதில் என் புருஷன் வழக்கம்போல முழுப் பாரத்தோடு மிதித்தான்.

“ஐயோ, என் விரலு!”

அவன் அப்படியே நின்றுவிட்டான். “எந்தக் கால்?”

“இடதுடா, தடியா! இடது!”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆடுகிறவர்களுக்கு நடுவில் நின்று இரண்டு பேரும் அழுதுகொண்டே சிரித்தோம்.

“இன்னொரு தடவை மிதி,” என்றேன்.